ஒரே ஒரு ‘ம்’

ஓட்டுநர் டம்ளரை எறியவில்லை. கைதான் விட்டுவிட்டது. விரல்கள் எப்போது திறந்தன என்று அவருக்கே தெரியாது. டம்ளர் உருண்டு போய்ச் சுவரோரம் முட்டி நின்றது.

“எறிங்க. வீட்டையே தூக்கி எறிங்க!” அடுப்படியிலிருந்து மனைவி கத்தினாள்.

காலையில் ஒரு செருப்பு கழன்றது தெரியாமலே வாசல்வரை நடந்துவிட்டார். “டாக்டரப் பாத்துட்டு வந்துரலாம்” என்றாள். காலமெல்லாம் பஸ் ஓட்டிய காலுக்கு டாக்டரா என்று எகிறிக் குதித்தார். இனி உன்னோடு பேச்சே இல்லை என்றார். அந்த வீட்டுக்கு இது புதிதில்லை. கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவார். தண்ணீர் வேண்டுமென்றால் நாற்காலியைத் தட்டுவார். அவளும் அவர் முகத்தைப் பாராமலே கொண்டுவந்து வைப்பாள். ஓரிரு நாள் கழித்து அவர் ஒரு ‘ம்’ சொன்னால் சமாதானம் என்று அர்த்தம்.

நான் எறியல என்று சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை மனதில் இருந்தது, நாக்குக்கு வரவில்லை. கடைவாயிலிருந்து ஏதோ வழிந்து சட்டையை நனைத்தது. ஃபினாயில் வாடை, மின்விசிறியின் கிறீச், முழங்காலில் மெல்ல ஏறும் ஜன்னல் கம்பியின் நிழல் எல்லாம் எப்போதும்போல இருக்க, வலப்பக்கம் மட்டும் யாரோ ஒட்டி உட்கார்ந்து சாய்வதுபோல் கனத்தது. அது அவருடைய உடம்புதான்.

இடக்கையால் தட்டினார். பலமாக. இன்னும் பலமாக.

நாற்காலிக்குப் பின்னால் செம்பு வைக்கும் சத்தம் கேட்டது. “வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமோ?”

திரும்பிப் பாரேன். ஒரு தடவை என் முகத்தைப் பாரேன். தட்டினார். தட்டினார்.

“போதும்ங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்.” பின்னாலிருந்தே, மடியில் கிடந்த அவருடைய வலக்கைக்குள் போனைத் திணித்தாள். விரல்கள் மூடவில்லை. “வாங்கிக்கக்கூட மாட்டீங்களோ? இருக்கட்டும்.”

கதவு. பூட்டு. படியில் செருப்புச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

நிழல் கழுத்துவரை ஏறியது. அறை இருண்டது. போன் அடித்தது. அசையாத விரல்களுக்கு நடுவே வெளிச்சம். இடக்கை குறுக்கே ஊர்ந்தது. வழுக்கியது. தொட்டது.

“என்னங்க... மனசு கேக்கல. என்னமோ பயமா இருக்கு. நீங்க பேசலன்னா இப்பவே கெளம்பி வந்துருவேன்.”

பேசக் கூடாது. மூச்சுக்கூட விடக் கூடாது. அவர் வாயை மூட நினைத்தார். வாய் மூடவில்லை. அத்தனை நேரமும் தொண்டையில் முட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

“ம்...”

“அப்பாடா!” அவள் சிரித்தாள். குரலில் அழுகையும் இருந்தது. “இது போதும் எனக்கு. நிம்மதியாத் தூங்குங்க. காலையில வரேன்.”

போன் அணைந்தது. தெருவிளக்கின் வெளிச்சத்தில், அந்தக் கறுத்த கண்ணாடிக்குள் ஒரு முகம் தெரிந்தது. அதில் ஒரு பாதி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மறு பாதி கண்ணை அகலத் திறந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தது.