பதினோராவது டேக்

பாட்டு முடிந்த பிறகும் கல்யாண மண்டபத்து மேடையில் ஒருமுறை டொக்கென்று சத்தம் கேட்டது. மோகனப்ரியா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இரண்டு குதிகாலும் தரையில்தான் இருந்தன.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. விராலிமலையில் அந்த மண்டபம் காலியாகக் கிடக்கும். அங்கே வாட்ச்மேனாக இருக்கும் அப்பா குணசேகரன், நுனிக்காலில் நின்று ஆடும் பாலேயை ஊர் பார்த்தால் என்ன பேசுமோ என்று பயந்து, அவளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவார்.

"அங்கிட்டு ஜன்னல மட்டும் தொறந்துராதத்தா. அஞ்சு மணிக்கு வாரேன். இதுதான் கடைசி, ஆமா."

சென்னையில் எடுக்கப்போகும் ஒரு பாலே படத்துக்கு இரண்டு முறை வீடியோ அனுப்பினாள். இரண்டு முறையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். குதிகால் சீக்கிரம் இறங்கிவிடுகிறதாம், பெரிய கண்டுபிடிப்பு! இன்று எடுத்து அனுப்புவதையும் வேண்டாம் என்றால் அடுத்த வாரம் மில் வேலைக்குப் போக வேண்டும்.

ஆனி மாதத்துக் கல்யாண மாலைகள் அழுகிய வாசனையும், பந்திக்கூடத்திலிருந்து வந்த புளித்த நெடியும், சாத்திய ஜன்னல்களின் வெக்கையும் மண்டபம் முழுக்க நிறைந்திருந்தன. போனில் இடமில்லாததால் பிடிக்காத டேக்கை அவ்வப்போது அழித்தாள். பத்து அழித்தாயிற்று. ஒவ்வொரு முறையும், "சீ, இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பதினோராவதை ஓட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது. கடைசியில் போனை நிறுத்த அவள் மேடையிலிருந்து இறங்கி வருகிறாள். அவளுக்குப் பின்னால், மேடையில், அவளே நிற்கிறாள்.

நுனிக்காலில்.

ஒருத்தி இல்லை. எண்ணினாள். பத்துப் பேர்.

நிமிர்ந்தாள். மேடை காலி. ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "அப்பா! தொறங்கப்பா!" வெளியே பூட்டுதான் ஆடியது.

முதுகுக்குப் பின்னால் டொக். படியில் டொக், டொக். ஜில்லென்ற விரல்கள் கையிலிருந்த போனை உருவின.

"சீ, இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

அவள் குரலேதான். கட்டைவிரல் பதினோராவதை அழித்தது.

அடுத்த நொடி மோகனப்ரியா மேடையில் நின்றாள். நுனிக்காலில். குதிகால் இறங்கவில்லை. நாக்கு அசையவில்லை.

பூட்டு திறந்தது.

"நல்லா வந்துச்சாத்தா?"

"வந்துச்சுப்பா. போலாம்."

மோகனப்ரியாவின் பையை மாட்டிக்கொண்டு, போனை உருவியவள் வெளியே போனாள். குதிகால் தரையைத் தொடவே இல்லை. அப்பா காலைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினார். பூட்டினார்.

மேடையில் மிச்சமிருந்த ஒன்பது பேரும் மெல்ல நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.