வாப்பாவின் கையில் தெரிந்த நரம்புகள்

கடற்கரையில் கரைவலை இழுக்கும் றஹ்மாவின் வாப்பா முனாஸ் லேசில் பயப்படுகிற ஆளில்லை. வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் தடியால் மெல்லத் தூக்கி வேலிக்கு வெளியே விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தேநீர் குடிப்பார். ஆனால் அன்று கிண்ணியாப் பள்ளிவாசல் மண்டபத்தில், இரத்ததான முகாம் வரிசையில் நின்றபோது அவருக்குக் குப்பென்று வியர்த்தது.

"மகள், இன்னொரு நாளைக்கு வருவமா? வலை இழுக்க ஆள் குறைவாம்," என்றார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை வாப்பா, ஒருத்தரும் கடலுக்குப் போகாத நாள். ஆரு வலை இழுக்கிறது?"

வாப்பா வாசலைப் பார்த்தார்.

மூன்று மாதங்களுக்கு முன் தம்பி இஹ்ஸான் பிறந்தபோது உம்மாவுக்கு இரத்தம் நிறையப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு பை இரத்தம் ஏற்றித்தான் அவரைக் காப்பாற்றினார்கள். கொடுத்தவர் யாரென்று வாப்பா எல்லோரிடமும் விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. "அப்ப நானும் ரெத்தம் குடுக்கிறன்," என்று அன்றைக்குச் சொன்னவர்தான்.

உம்மா தம்பியைத் தூங்க வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் றஹ்மாவுக்கு அந்த முகம் தெரியாத ஆள்மீது அன்பு பொங்கும். இன்று வாப்பா திரும்பிப் போனால் அந்த ஆளுக்கு நன்றி சொல்ல வேறு வழியே இல்லை.

"ஊசிக்குப் பயமா வாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஊசி என்ன ஊசி." வாப்பா கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீல நரம்புகள் புடைத்து நின்றன. "இதைப் பார். கரைவலைக் கயிறு இப்படிப் புடைச்சா என்ன அர்த்தம்? பாரம் தாங்க ஏலாம அறப்போகுது எண்டுதானே. இதில குத்தினா வெடிச்சிரும்."

றஹ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வாப்பா வாசல் பக்கம் ஓரடி நகர்ந்ததைக் கண்டதும் அடக்கிக்கொண்டாள்.

அவர்களுக்கு முன்னால் கடைக்கார ஆதம்பாவா காக்கா கட்டிலில் படுத்திருந்தார். அவருடைய குண்டுக் கையில் நரம்பு ஒன்றையும் காணோம். தாதி கீர்த்தனி தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். றஹ்மா அந்தக் கையைப் பார்த்தாள். வாப்பாவின் கையைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"வாப்பா, கையை மேல தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்களேன்."

விடை தெரிந்த மாணவன் போல வாப்பா கையை உயர்த்தினார். கொஞ்ச நேரத்தில் நரம்புகள் அமுங்கி மறைந்தன. கையைக் கீழே விட்டதும் மறுபடியும் நிறைந்தன.

"அறப்போற கயிறு இப்படித் தளருமா?"

"தளராது," என்று வாப்பா ஒப்புக்கொண்டார்.

"அப்ப இது கயிறில்லை, ரெத்தம் ஓடுற குழாய். காக்காட கையிலயும் இருக்கு. கொழுப்பு மூடியிருக்கிறதால தெரியல்ல. நீங்க வலை இழுத்து இழுத்துக் கொழுப்பே இல்லை. தோலுக்குக் கீழயே குழாய் கிடக்கு."

"என்னைப் பத்தியா கதை?" என்று காக்கா தலையைத் திருப்பினார்.

"ஓம் காக்கா, உங்கட கை நல்ல செழிப்பான கை எண்டு சொன்னனான்."

வாப்பாவின் முறை வந்தது. கையைப் பார்த்த கீர்த்தனியின் முகம் மலர்ந்தது. "அப்பாடா. இந்தக் கையில தேடவே தேவையில்லை நானா," என்று அண்ணனை அழைப்பது போலச் சொன்னார்.

வாப்பா கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பை மெதுவாக நிறைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற றஹ்மா அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், இது ஆருக்குப் போகும்?" என்று வாப்பா கேட்டார்.

"அது எங்களுக்கும் தெரியாது நானா."

வாப்பா இப்போது இரண்டு கண்களையும் திறந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு. அவங்களும் எங்களைப்போல, ஆருக்கு நன்றி சொல்றது எண்டு தெரியாம முழிக்கட்டும்."