நாற்பத்தொரு வயது ஆண்

காலை ஆறரைக்கு என்னை எடை போடுவார்கள். அறுபத்தெட்டு கிலோ நானூறு கிராம். கூடினால் தட்டில் ஒரு இட்லி குறையும். குறைந்தால் ஒன்று கூடும். பிறகு முடியை அளவு பார்த்து வெட்டி, நரை தெரிந்தால் மை பூசுவார்கள். இரண்டு வருடங்களாக எனக்கு நாற்பத்தொரு வயது. இதற்காக எத்தனையோ பேர் தவம் கிடக்கிறார்கள். எனக்கு மட்டும் கேட்காமலே கிடைத்திருக்கிறது.

எனக்கு வந்தது அபூர்வ நோய். தும்மினால் நான்கு நொடிகள் இதயம் நின்றுவிடும். உலகத்திலேயே நான் ஒருவன்தான். பஸ் டிப்போவில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே முதலிடம்.

டாக்டர் நப்பின்னை மூன்றே வாரத்தில் குணப்படுத்திவிட்டார். தொல்லை அதற்குப் பிறகுதான். என்னைப் பற்றி ஒரு நோயாளர் அறிக்கை எழுதினார். போலி அறிக்கைகள் பெருகிய காலத்தில் போட்ட சட்டம் ஒன்று உண்டு: அறிக்கையை மருத்துவக் கழகம் ஏற்கும்வரை, நோயாளி அதில் எழுதியபடியே மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஒரு வரியைத் திருத்தினாலும் அறிக்கை வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

வாசலில் ‘ஒப்புநோக்கி’ என்றொரு ஸ்கேனர். அறிக்கையோடு ஒத்துப்போகிறவர்களை மட்டுமே உள்ளே விடும். பரம்பரை நோயா என்று பார்க்க என் மகள் ஆதிரையையும் அளந்து எழுதியிருந்தார்கள்: ‘மகள், வயது ஏழு, உயரம் நூற்றுப்பதினெட்டு சென்டிமீட்டர்.’

இப்போது அவளுக்கு ஒன்பது. பாவாடைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு ஞாயிறுதோறும் ஒப்புநோக்கியை ஏமாற்றி வந்தாள். இந்த ஞாயிறு மாட்டிக்கொண்டாள். வாசல் கேமரா வழியே என் அறைத் திரையில் தெரிந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

“அப்பா, உள்ள விடமாட்டேங்குது. அடுத்த வாரம் சரியாயிடும்.”

“எப்படிம்மா சரியாகும்?”

“மதியம் டப்பாவ பக்கத்துப் பொண்ணுக்குக் குடுத்துடறேன். சாப்பிடலேன்னா வளரமாட்டோம்ல? அம்மாகிட்ட சொல்லாத.”

ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு அழைப்பு மணியை அழுத்தினேன்.

டாக்டர் நப்பின்னை வந்தார். “டாக்டரம்மா, அறிக்கையில ஒரு திருத்தம்.”

“விளையாடாதீங்க செங்குட்டுவன். வரிசையில நீங்க நாலாவது. ரெண்டே மாசம். இப்பத் தொட்டா இன்னும் ரெண்டு வருஷம்.”

“போன தீபாவளிக்கும் ரெண்டு மாசம்னுதான் சொன்னீங்க. நானும் பாப்பாகிட்ட அதையே சொன்னேன். இனிமே நம்பமாட்டா. சாப்பிடவும் மாட்டா.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் திரையில் ஆதிரையின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார்.

“சரி. உயரம் எவ்வளவுன்னு போடட்டும்?”

“எண் வேண்டாம். எண் போட்டா அடுத்த வருஷமும் பட்டினி கிடப்பா. வளர்ந்துகிட்டிருக்கான்னு போடுங்க.”

“‘மாறும் அளவு’ன்னு ஒரு கட்டம் இருக்கு. கர்ப்பிணிகளுக்காக வெச்சது. அதுல போடலாம்.” கைரேகைப் பலகையை நீட்டியவர், அதை உடனே விடவில்லை. “நல்லா யோசிச்சீங்களா? ரெண்டு வருஷம்.”

“எனக்கென்ன டாக்டர், வயசா ஆகுது?”

விரலை வைத்தேன்.

கால்மணி நேரத்தில் ஆதிரை வந்தாள். பழக்கதோஷம், முழங்கால் மடங்கியே இருந்தது.

“நிமிர்ந்து நட.”

நிமிர்ந்தாள். என் நெஞ்சு வரைக்கும் வந்தாள். இரண்டு வருடங்களாக என் மகளை மடக்கியே பார்த்திருக்கிறேன். தட்டை அவள் பக்கம் தள்ளினேன். வாய் நிறைய இட்லியோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்பா, நீ குள்ளமாயிட்ட!”

“உஷ், மெதுவா,” என்றேன். “யாராவது அளந்துடப் போறாங்க.”