தெளிவு கூடக்கூட

மெங்கோ மேட்டிலிருந்த அந்தப் பழைய வீட்டுக்கு லுப்வாமா வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது அதுதான் அலுவலகம். வேலை சின்னதுதான். பள்ளிப் பிள்ளைகளின் போனுக்குப் பாட வீடியோக்களை அனுப்பும் ஏற்பாட்டை முதலில் ஒரு சோதனை சர்வரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒழுங்காக ஓடினால், நபுகென்யா நடத்திய இயற்பியல் பாடங்களை எடுத்துவிட்டு அவனுடையதைப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

நபுகென்யா போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். பிள்ளைகள் இன்னும் அவளுக்குத்தான் நன்றி எழுதினார்கள். உயிரோடிருக்கிற இவனுக்கு ஒருவரும் எழுதவில்லை. 

சர்வரிலிருந்த அவளுடைய பாடங்களை ஒவ்வொன்றாக அழித்தான். தரை துடைத்துக்கொண்டிருந்த நாலோங்கோ நிமிர்ந்து பார்த்தாள்.

"செத்தவங்களோட மல்லுக்கட்டுறீங்களே, செபோ. தோத்துட்டேன்னு சொல்ல அவங்க வரவா போறாங்க?"

ஐயா என்ற பொருளில் அவனை அவள் செபோ என்றுதான் கூப்பிடுவாள். அவன், பூட்டிய அறையில் தனியாக உட்கார்ந்து எடுத்த தன் பாடத்தைச் சர்வருக்குள் தள்ளினான். சர்வர் அதைப் பல பிரதிகளாக்கும். மட்டமான போனுக்கு மங்கலாக, நல்ல போனுக்குத் தெளிவாக.

முதல் பிரதி வந்தது. மேசை முன் அவன் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் கரும்பலகையோரம் ஒரு கறை. சுவரில் ஈரமாக இருக்கும்.

இரண்டாவதில் அந்தக் கறைக்குத் தோள்கள் இருந்தன. பெண்கள் உடுத்தும் கொமேசியின் கூரான தோள்கள்.

அறையில் நனைந்த துணி வாடை.

மூன்றாவதில் முகம் தெரிந்தது. நபுகென்யா கேமராவைப் பார்க்கவில்லை. மேசை முன்னிருந்த அவனைப் பார்த்தாள். தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கிற பார்வை.

அவன் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கினான். விசிறி ஓய்ந்தது. அதன் விளக்குகள் அணைந்தன.

மேசையிலிருந்த மடிக்கணினியின் திரையில் எழுத்து வந்தது: கடைசிப் பிரதி தயார்.

அவன் அதைத் திறக்கவில்லை.

தாழ்வாரத்திலிருந்து நாலோங்கோ போனும் கையுமாக வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அவள் மகள் அனுப்பியிருந்தாளாம், நபுகென்யா டீச்சர் புதுப் பாடம் போட்டிருக்கிறார் என்று. அந்தச் சோதனை சர்வரிலிருந்து பிள்ளைகளின் போனுக்கு எதுவும் போக வழியே கிடையாது. நாலோங்கோ திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"டீச்சருக்குப் பின்னால, பலகையோரம்..." குரல் இறங்கியது. "நீங்க ஏன் செபோ அங்க வாயத் திறந்துகிட்டு நிக்கிறீங்க?"

படம் துல்லியமாக இருந்தது. அதன் கீழே பிள்ளைகளின் நன்றிகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன.