நுழைந்தவர் பெயர்

பதிவின்படி சலேத்து ஆறு ஆண்டுகளாகக் கடலை விட்டு வெளியே வரவேயில்லை. தூங்கவில்லை, சாப்பிடவில்லை, ஒரு நாள் விடுப்புக்கூட எடுக்கவில்லை. கடல்மதிலின் பெரிய மதகைத் தூக்கி இறக்கும் கடலுடலிடம் எந்த நேரத்தில் யார் என்று கேட்டாலும் அது அவர் பெயரைத்தான் சொல்லிற்று.

உண்மையில் அன்று மத்தியானம் அதை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி அமலி. கரையிலிருந்த ஓட்டுகூடத்தின் சாய்வு நாற்காலியில், நெற்றியில் நுதற்பட்டையைக் கட்டிக்கொண்டு கண்மூடிக் கிடந்தாள். இங்கே அவள் கையை அசைக்க நினைத்தால், அங்கே மதிலடியில் நிற்கும் இரும்புக் கடலுடலின் கை அசையும். கடல் ஏற்றம் வரும்போது மதகை இறக்க வேண்டும், வற்றும்போது தூக்க வேண்டும். பிசகினால் மதிலுக்கு உட்புறம் உள்ள தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் புகுந்துவிடும்.

யாரோ தோளைத் தட்டினார்கள்.

"மைனி, எந்திரிங்க."

குரலிலிருந்தே அது கார்மேகம் என்று தெரிந்தது. அவளுக்கு அடுத்து ஓட்ட வேண்டியவன்.

"என்ன தம்பி, அதிசயமா இருக்கு? மணி அடிச்ச பிறவும் டீக்கடையில நிக்குத ஆளாச்சே நீ."

"சலேத்து அண்ணன் மீன் சந்தையில விழுந்துட்டாவ. வாய் கோணிட்டு, வலது கை தூக்க முடியல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ. நீங்க ஓடுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

அமலி எழுந்த சூட்டோடு அவன் நாற்காலியில் சாய்ந்து பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டான். வெளியேறி மறுபடி நுழையும் வழக்கம் அந்தக் கூடத்தில் இல்லை. முறையாக நுழைந்தால், பட்டை ஓட்டுநரின் மூளைச் சாயலைப் பழைய பதிவோடு ஒப்பிட்டு இசைவு காண அரைமணி நேரம் பிடிக்கும். அதுவரை மதகுக்கு ஆள் இருக்காது. ஆகவே ஆறு ஆண்டுக்கு முன் சலேத்து நுழைந்ததோடு சரி. அவர் எழுந்தால் அமலி, அமலி எழுந்தால் கார்மேகம், பிறகு மறுபடி அவர். மேற்பார்வையாளருக்கும் இது தெரியும். "ஓடுற வண்டிய ஏன் நிறுத்தணும்?" என்பார்.

"அண்ணன் பேர்ல உழைச்சு உழைச்சு எனக்கு அவர மாதிரியே வழுக்கை விழுது மைனி" என்று கார்மேகம் தினமும் ஒரு தடவையாவது சொல்வான்.

நாட்டின் எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாக ஒரு நிரல் நூலகம் இருந்தது. அதில் ஒரு சிறிய செயல்கூறு, பெயர் 'நுழைந்தவர்பெயர்'. கடலுடல் ஆனாலும் மருத்துவமனையில் மருந்து கலக்கும் கலவைப்பொறி ஆனாலும், தன்னிடம் இருப்பவர் யாரென்று அறிய அதைத்தான் கூப்பிடும். அது ஆளைப் பார்ப்பதில்லை. நுழையும்போது எழுதி வைத்த பலகையைப் படித்து, அதிலுள்ள பெயரைச் சொல்லும். எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை. 'இது தருவது நுழைந்தவர் பெயர், இருப்பவர் பெயர் அன்று' என்று விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். பேருந்துக்கும் கடைக்கும் முகமே போதுமானதாக இருந்ததால் அந்த வரியை யாரும் பொருட்படுத்தவில்லை. ஊசிக்கும் பத்திரத்துக்கும் மட்டும்தான் பெயர் தேவைப்பட்டது.

மருத்துவமனையில் சலேத்து கண் திறந்தபடி கிடந்தார். மனைவியைப் பார்த்ததும் இடது கண்ணில் மட்டும் நீர் வழிந்தது. ஊசி நழுவாமலிருக்க அவர் வலது கையைக் கட்டிலின் ஊசிப்பூட்டு இறுகப் பிடித்திருந்தது.

டாக்டர் நஸ்ரின் நேராக விஷயத்துக்கு வந்தார். "மூளைக்குப் போற குழாய்ல இரத்தக்கட்டி அடைச்சிருக்கு. கரைக்க மருந்து இருக்கு. சீக்கிரம் ஏத்தணும். ஆனா கலவைப்பொறி தர மாட்டேங்குது."

"ஏன் தராது?"

பதிலுக்கு டாக்டர் பொறியின் பொத்தானை அழுத்தினார். அது நிதானமாகப் பேசியது.

"சலேத்து கடலில் பணியில் இருக்கிறார். படுத்திருப்பவர் அவர் அல்லர்."

அமலிக்கு உடனே புரிந்துவிட்டது. தொலைபேசியில் ஓட்டுகூடத்துக்குப் பேசினாள்.

"தம்பி, வெளியேறு. அவிய பேரை விட்டுரு."

"வெளியேறுனா திரும்ப நுழைய அரைமணி ஆவும் மைனி. ஏத்தம் ஏற ஆரம்பிச்சிட்டு."

"இங்க இந்த மனுசன் செத்துருவாவ."

"மதகை முழுசா இறக்கி வச்சிட்டு வெளியேறுதேன். அதுவரைக்கும் பொறுங்க" என்றான். பின்னால் மேற்பார்வையாளர் கத்துவது கேட்டது. "ஏலேய், யாரக் கேட்டு வெளியேறுத?"

ஆறு ஆண்டுகளில் முதல் முறையாகப் பலகை வெறுமையானது. டாக்டர் கலவைப்பொறியின் நுதற்பட்டையைச் சலேத்துவின் நெற்றியில் கட்டினார். இப்போது பொறி அவரை அறிந்துகொள்ளும், அவர் பெயருக்குள் இருக்கும் இரத்தக் கணக்குப்படி மருந்தைக் கலக்கும் என்று இருவரும் காத்திருந்தார்கள். மருத்துவமனைப் பொறிக்கு அரைமணி தேவையில்லை. சில நொடிகள் போதும்.

"யாருமில்லை" என்றது பொறி.

பட்டையைத் துடைத்து மறுபடி கட்டினார். அதே பதில்.

"பக்கவாதத்துல சாயல் கொஞ்சம் மாறும்தான். ஆனா இவ்வளவு மாறாதே" என்ற டாக்டர் திரும்பினார். "இவர் பேர்ல வேற யாராவது வேலை பாத்தாங்களா?"

அமலி எச்சிலை விழுங்கினாள். "நான் பாத்தேன். கார்மேகம் பாத்தான். நாங்க மூணு பேரும்தான்."

டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். மனிதனின் மூளை வயதோடு மாறிக்கொண்டே வரும். ஒருவர் தம் சொந்தப் பெயருக்கு வெளியே நின்றுவிடக் கூடாது என்பதற்காக, நூலகம் பயன்படுத்துபவரின் சாயலைக் கொண்டே பதிவைச் சிறுகச் சிறுகத் திருத்தி வரும். பயன்படுத்தாத பெயரோ பழையதாகிக் கழிந்துபோகும். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. ஆறு ஆண்டுகள் அந்தப் பெயரில் மூன்று தலைகள் மாறி மாறி இருந்திருக்கின்றன.

"கையால கலக்க முடியாதாம்மா?"

"அவர் இரத்தத்துக்கு எது எவ்வளவுங்கறது அந்தப் பேருக்குள்ளதான் இருக்கு. அளவு கூடினா மூளைக்குள்ளயே இரத்தம் கசியும். நான் குத்துமதிப்பா கலந்தா கொலை."

"அப்ப எனக்குக் கட்டிப் பாருங்க. நான் பொஞ்சாதின்னு அதுக்குத் தெரியும்ல? என் பேரைச் சொன்னா அவிய பேரும் பக்கத்துல இருக்கும்."

அமலி பட்டையைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"யாருமில்லை."

அவள் பட்டையை அவிழ்க்காமல் நின்றாள். ஆறு ஆண்டுகளாகத் தன் பெயரில் எங்கும் நுழைந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கார்மேகம் வியர்த்து வழிய உள்ளே வந்தான். நடந்ததைக் கேட்டதும் அமலியின் நெற்றியிலிருந்து பட்டையை அவிழ்த்துத் தன் நெற்றியில் வைத்தான்.

"வணக்கம், சலேத்து. மருந்து ஆயத்தம். சம்மதம் கூறுக."

வெளியேறுபவரின் சாயலையே நூலகம் கடைசிப் பதிவாக வைத்துக்கொள்ளும்; அந்தப் பெயரிலிருந்து வெளியேறியவன் அவன்தான். அவன் சாயலே பதிவின் மேல் படிந்திருந்தது.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பொறி கையப் பாக்காது. நெத்தியில இருக்குற பேரைத்தான் பாக்கும். பட்டை உங்ககிட்ட இருக்கட்டும், மருந்து அந்தக் கையில ஏறட்டும். பதிவுல இரத்தக் கணக்கு பழையபடி அவரோடதுதான், அது மாறுறதில்ல. ஆனா ஒண்ணு. நீங்க சம்மதம் சொன்னா மருத்துவச் சான்று பதிவாயிரும். அதுக்கு மேலான சான்று எந்த ஆபீஸ்லயும் கிடையாது. அப்புறம் நீங்கதான் சலேத்து."

"அண்ணன்?"

டாக்டர் திரும்பி ஊசிப்பூட்டைச் சரிபார்த்தார்.

கார்மேகம் அமலியைப் பார்த்தான். சிரிக்க முயன்றான். "மைனி, வீட்டு வரி அண்ணன் பேர்ல பாக்கி ஒண்ணும் இல்லியே?"

"விளையாடாத தம்பி. சொல்லு."

"சம்மதம்" என்றான் கார்மேகம்.

மருந்து சலேத்துவின் கையில் ஏறியது.

வெயில் சாயும்போது அவருடைய வலது கை விரல்கள் அசைந்தன. கோணியிருந்த வாய் ஏறக்குறைய நேரானது. மருந்து முடிந்ததும் பொறி தானாகவே சலேத்து பெயரை வெளியேற்றிவிட்டது; மூளையைக் கவனிக்க டாக்டர் பட்டையைச் சலேத்துவின் நெற்றிக்கே மாற்றினார். "பிழைச்சிட்டார்" என்று அமலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கார்மேகம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுடைய தொலைபேசி ஓயாமல் அடித்தது. எடுத்தான். மேற்பார்வையாளர்.

"கூடத்துல இருக்குற எவனக் கட்டுனாலும் யாருமில்ல யாருமில்லன்னே வருதுலேய். மதக எவன் தூக்க? சலேத்து பேரு யார்கிட்ட இருக்கோ அவன் ஓடி வரணும்."

"வாரேன்" என்றான். எழுந்திருக்கவில்லை.

அந்நேரம் கட்டில் தானாகப் பேசியது. மூளைச் சிகிச்சை முடிந்த எல்லாரிடமும் கேட்கும் வழக்கமான கேள்வி.

"நோயாளி தம் பெயரைக் கூறுக."

நாக்கு புரள வெகுநேரம் ஆயிற்று. ஆனாலும் தெளிவாகவே சொன்னார். "சலேத்து."

அமலி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், மகிழ்ச்சியில்.

"சலேத்து சிகிச்சை பெற்றுத் தேறிவிட்டார்" என்றது கட்டில். "படுத்திருப்பவர் பிறர் பெயரைத் தம் பெயராகக் கூறுகிறார். மனக்குழப்பம். மீண்டும் கேட்கப்படும். மாறாவிட்டால் உறக்க மருந்து செலுத்தப்படும்."

டாக்டர் பாய்ந்து ஊசிப்பூட்டை இழுத்தார். அது திறக்கவில்லை. கட்டில் நோயாளியை விடுவிக்கும்வரை அது திறக்காது. உறக்க மருந்துக்குப் பெயரும் தேவையில்லை, யாருமில்லாதவருக்கும் அது கிடைக்கும்.

"இப்ப தூங்க வச்சா இவர் எந்திரிக்கவே மாட்டார்" என்றார் டாக்டர். "அந்தப் பேரை அவர் சொல்லக் கூடாது."

அமலி கட்டிலில் குனிந்து அவர் காதோடு வாய் வைத்தாள்.

"ஏங்க, இன்னொரு தடவ கேக்கும். உங்க பேரைச் சொல்லாதீங்க."

"ஏன்? நான்... நீ அமலி... நான்..."

"எனக்குத் தெரியும். நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். அது கேட்டா மட்டும் சொல்லாதீங்க. என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியிலிருந்த கார்மேகத்தைப் பார்த்தார். கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நோயாளி தம் பெயரைக் கூறுக."

சலேத்துவின் உதடுகள் அசைந்தன. முதல் எழுத்துக்காகப் பல் கூடியது. அமலியின் விரல்கள் அவர் வாயின் மேல் வந்து நின்றன.

"யாருமில்ல" என்றார் அவர்.

கட்டிலின் விளிம்பில் பச்சை விளக்கு எரிந்தது.

"சரியான விடை. நோயாளி தேறி வருகிறார்."