சொடுக்கினால் இறங்கும்

சங்கரன்கோவிலிலிருந்து பைக்கில் கிளம்பி, ராஜகுமாரியும் அவள் கொழுந்தன் காசியும் புளியங்குடி மலையடிவாரக் காட்டுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். சில்வண்டு ஆராய்ச்சிக்காகப் போன மாதம் இதே காட்டுக்குள் நுழைந்த அவள் புருஷன் கோமதிசங்கர் திரும்பவில்லை. போலீசு தேடி ஓய்ந்துவிட்டது. அவள் மனசுதான் ஓயவில்லை. அவர் போட்டிருந்த துணியாவது கிடைக்காதா என்று கிடந்து தவித்தாள்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். அந்தக் காட்டுச் சில்வண்டுகள் ஒரே பேரினம், அதற்குள் பல இனம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்து கழுத்தறுக்கும். சத்தத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆண்தான் பாடும். பெண் இறக்கையைத் தட்டி 'டக்'கென்று பதில் கொடுக்கும், அவ்வளவுதான். பாட்டு நிற்கும் இடைவெளியில் விரலைச் சொடுக்கினால், பெண் என்று நம்பி ஆண் மரத்திலிருந்து இறங்கி வரும். பிடித்துவிடலாம்.

காடு இரைந்துகொண்டிருந்தது. காய்ந்த சருகும் அழுகிய பழமும் சேர்ந்த வாடை. சட்டென்று எல்லாச் சத்தமும் அடங்கிப்போயிற்று.

உச்சாணிக் கிளையில் ஒன்று மட்டும் பாடியது.

அவள் கேட்டறியாத பாட்டு. புது இனம்! எத்தனை துக்கத்திலும் பழகின கை சும்மா இருக்குமா? சொடுக்கிவிட்டாள்.

சத்தம் ஒரு கிளை இறங்கியது.

மறுபடி சொடுக்கினாள். இன்னும் இறங்கியது. இத்தனூண்டு வண்டுக்குக் கிளை வளையுமா? வளைந்தது.

"மதினி, போதும், சொடுக்காதிய," காசி கிசுகிசுத்தான். "அது எறங்குதுல்லா."

அப்போதுதான் அடிமரத்தைப் பார்த்தாள். பட்டையைக் கவ்விக்கொண்டு கோமதிசங்கரின் கட்டம்போட்ட சட்டை. முன்பக்கம் பொத்தான்கள் போட்டபடியே இருந்தன. முதுகில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரே பிளவு, சில்வண்டு உரித்துப்போட்ட கூட்டில் இருக்குமே, அதேபோல. சட்டைக்கையின் நுனியில், கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசாக, விரல்கள் நகத்தோடு இருந்தன.

உள்ளே யாரும் இல்லை.

"ஐயோ, அண்ணன் சட்டைல்லா!" காசி அவளை இழுத்துக்கொண்டு ஓடினான்.

மறுநாள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, கைகள் இரண்டையும் முந்தானைக்குள் இறுக்கி வைத்திருந்தாள். அவர் வர வேண்டும் என்றுதானே இத்தனை நாளும் அழுதாள்? இப்போது வந்துவிடக் கூடாதே என்று அழுதாள். கோயிலில் உச்சிகால மணி அடித்து ஓய்ந்தது.

வாசல் வேம்பில் அந்தப் பாட்டு தொடங்கியது. பாடி நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

முந்தானைக்குள் விரல்கள் தாமாகச் சொடுக்கின.

அடுத்த பாட்டு கதவுக்குப் பக்கத்தில் கேட்டது.