ஆறாவது கிண்ணத்துத் திருகாணிகள்

காலை 9.10.

"மாதாவே! களவு போச்சே!"

பிளாரன்ஸ் போட்ட அலறல் தூத்துக்குடித் துறைமுகக் காவல் கிடங்கின் வாசல்வரை கேட்டது. 1944. யுத்த காலம். கைத்துப்பாக்கிகளின் உதிரிப் பாகங்களுக்குப் பெயர்ச் சீட்டு எழுதி, கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து வைப்பது அவள் உத்தியோகம். குழல் முதல் திருகாணி வரை, ஒரு முழுத் துப்பாக்கி பூட்டத் தேவையான சாமான்களைக் காணோம்.

10.30.

சப்-இன்ஸ்பெக்டர் ஜக்கரிய்யா வந்து சேர்ந்தார். காயல்பட்டினத்துக்காரர், பிடித்தால் உடும்புப் பிடி. வந்ததும் வராததுமாக டெலிபோன் மணியடித்தது. மேலதிகாரி.

"பூட்டு உடையலை. கிண்ணங்களும் கலையலை. வெளியாள்னா தாறுமாறாக் கிடக்குமே! அந்தப் பொண்ணுதான். நாலு மணி ரயில்ல பாளையங்கோட்டைக்கு அனுப்பும்!"

ஜக்கரிய்யாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விசாரிக்காமல் ஒருத்தியை ஜெயிலுக்கு அனுப்புவதா? நாலு மணிக்குள் பார்த்துவிடுவது என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சாவி யார்கிட்டம்மா?"

"எங்கிட்ட ஒண்ணு. இன்னொண்ணு காவல் அறை ஆணியில தொங்கும்."

"அங்கன யாரு இருப்பா?"

"ராத்திரிக் காவலுக்கு ரோச் மாமா. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிற தாணுலிங்கமும் அங்கனதான் படுப்பாரு."

"கிண்ணமெல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?"

"ஒழுங்கா? நல்லாப் பாருங்கய்யா!" பிளாரன்ஸின் கண்ணில் நீர் முட்டினாலும் குரல் இறங்கவில்லை. "பிடித் திருகாணியும் விசைத் திருகாணியும் ஆறாவது கிண்ணத்துல ஒண்ணாக் கிடக்கு. அளவு ஒண்ணுதான், மரை வேற. பேர் பார்த்து எடுத்தா எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தணும், அதுக்குத்தான் சீட்டு. மாத்திப் போட்டா ஆபத்து நேரத்துல வெடிக்காது. இதை நான் செய்வேனா?"

ஜக்கரிய்யா குனிந்து பார்த்தார். பசைக்குப் பஞ்சம், சீட்டுகள் ஒட்டாமல் கிண்ணத்துக்குள் சும்மா கிடந்தன. முதல் கிண்ணத்தில் இருப்பதிலேயே பெரிய சாமான். கடைசிக் கிண்ணத்தில் கடுகளவு ஊசிகள்.

11.45.

"ரோச் அண்ணாச்சி, இதுக்கு முன்னாடி என்ன வேலை?"

"சர்க்கார் நடத்தின சலாபத்துல முத்துக் குளிச்சேன் அய்யா. சலாபம் நின்னுதான் பதினாறு வருஷமாச்சே."

"நீ, தாணுலிங்கம்?"

"நானும் சலாபத்து ஆளுதான். கடல்ல இறங்கினதில்லை, முத்து வியாபாரி கடையில இருந்தேன். அய்யா சீக்கிரம் விட்டா சாயங்கால பஸ்ஸுக்கு உடன்குடிக்குப் போயிருவேன். வீட்டுக்குக் கருப்பட்டி வாங்கி வச்சிருக்கேன்."

அவன் காலடியில் பனையோலைக் கொட்டான் ஒன்று வாய் இறுக்கிக் கட்டியிருந்தது.

2.50.

ஜக்கரிய்யா கிண்ணங்களைத் துணியில் கவிழ்த்தார். "ஆளுக்கொரு தடவை பிரிச்சு வையுங்க."

ரோச் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி மூன்று குவியலாக்கினார். "எங்களுக்குத் தெரிஞ்ச பிரிப்பு இதுதான் அய்யா. ரெண்டு சர்க்காருக்கு, ஒண்ணு குளிச்சவனுக்கு."

தாணுலிங்கத்தின் விரல்கள் பறந்தன. பெரியது முதலில், சிறியது கடைசியில். இரண்டு வகைத் திருகாணியும் ஆறாவது கிண்ணத்தில் ஒன்றாய் விழுந்தன.

3.20.

"எடுத்தவன் நீதாம்லே!"

"அய்யா, நான் தொடவே இல்லை!"

"எடுக்கும்போது கிண்ணமெல்லாம் கவுந்திருக்கு. சீட்டும் சாமானும் சிதறிட்டு. எது எங்க இருந்துதுன்னு தெரியாம உன் கை பழகினபடி அடுக்கிட்டே. சிப்பியைக் குவிக்கிறது குளிச்சவன் வேலை. முத்தைச் சல்லடையில சலிச்சு அளவு பார்த்துப் பிரிக்கிறது கடைக்காரன் வேலை. இந்தப் பிள்ளை பேர் பார்த்து வைக்கும், நீ அளவு பார்த்து வச்சே. அது கிடக்கட்டும், ஊரெல்லாம் கருப்பட்டி காய்ச்சுற உடன்குடிக்காரன் எவனாவது தூத்துக்குடியில கருப்பட்டி வாங்கி ஊருக்குச் சுமப்பானாலே? கொட்டானை அவுரு!"

இரண்டு வட்டுக் கருப்பட்டிக்குக் கீழே குழல் மின்னியது. தாணுலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பனங்காட்டுத் தகராறு அய்யா. பங்காளியை இன்னைக்கு ராத்திரி முடிச்சிருப்பேன். எல்லாம் பூட்டிட்டேன். ஒரு திருகாணி மட்டும் ஏறவே மாட்டேங்குது."

பிளாரன்ஸ் கொட்டானுக்குள் கைவிட்டு அந்தத் திருகாணியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஏறாது," என்றாள். "இது பிடிக்குள்ளது, விசைக்குள்ளது இல்ல."

மணி நாலு. ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புதுச் சீட்டில் பெயர் எழுத உட்கார்ந்தாள்.